அந்த ஊரில் கலருக்கு என்ன பேர்?

பிப்ரவரி 3

மச்சானுக்கு,

'அன்புள்ள' என்று போடலாமா என்று யோசித்து, விட்டுவிட்டேன். கோபம் தீர்ந்த பிறகு நீங்களே பேனாவை எடுத்து முன்னால் சேர்த்துக்கொள்ளுங்கள். எழுத்தில் ஒரு வசதி, நீங்கள் குறுக்கே பேச முடியாது. நானும் பாதியில் கடையை விட்டு இறங்கிப் போக முடியாது.

வேலை கிடைத்துவிட்டது. ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் கீழ்த்தளத்தில் கேன்டீன். அதில் குளிர்பானக் கவுண்டர் என் பொறுப்பு. இத்தனை கடல் தாண்டி வந்தும் கடவுள் என்னைக் கலர் பாட்டிலுக்குப் பின்னால்தான் நிறுத்தினார். நீங்கள் சிரிப்பீர்கள், தாராளமாகச் சிரியுங்கள். முதல் ஆறு மாதம் சோதனைக் காலம். அது முடிந்து என்னை நிரந்தரமாக்கினால்தான் குடும்பத்தை அழைத்துக்கொள்ள இந்த நாட்டில் அனுமதி. உங்கள் தங்கச்சியும் வாண்டும் என்னோடு வந்து இருப்பார்களா இல்லையா என்பது இந்த ஆறு மாதத்தில் தெரிந்துவிடும்.

முதல் நாளே சொதப்பினேன். இந்த ஊர்க்காரர்களுக்கு எல்லாக் கலருக்கும் ஒரே பேர். எப்போதோ ஒரு கம்பெனி கருப்பு நிறத்தில் ஒரு பானம் விற்றதாம். அந்தக் கம்பெனிப் பேரே இப்போது ஆரஞ்சுக்கும் எலுமிச்சைக்கும் சேர்த்துப் பேராகிவிட்டது. எந்த மெஷினில் எடுத்தாலும் நாம் ஜெராக்ஸ் என்கிறோமே, அந்தக் கதைதான். ஒருவர் வந்து அந்தப் பேரைச் சொன்னார். அவர் வாயை மூடுவதற்குள் கருப்பு பாட்டிலை எடுத்து, இடுப்பில் இருந்த ஓப்பனரால் மூடியைத் தட்டி, கையில் நீட்டிவிட்டேன். நம் கடை வேகம்! அவர் என்னையும் பாட்டிலையும் மாறி மாறிப் பார்த்தார். அந்தப் பேரைச் சொன்னால் "எது வேணும்?" என்று நான் திருப்பிக் கேட்க வேண்டுமாம். அப்புறம்தான் அவர் "ஆரஞ்சு" என்பாராம். மூடியையும் நான் தொடக் கூடாதாம். இங்கே எல்லாம் கண்ணாடி பாட்டில். மூடியோடு வாங்கிப் போய், வாசல் சுவரில் பதித்திருக்கும் ஓப்பனரில் அவரவரே திறந்துகொள்கிறார்கள்.

சாயங்காலத்துக்குள் நான் அவசரப்பட்டுத் திறந்த பாட்டில்கள் கவுண்டருக்கு அடியில் வரிசை கட்டி நின்றன. மேலாளர் அம்மா குனிந்து பார்த்தார். "தாகம் அவங்களுக்கா, உங்களுக்கா?" என்றார். பிறகு ஒன்றை எடுத்துத் தானே குடித்துவிட்டு, மீதியை நர்சுகள் அறைக்கு அனுப்பிவைத்தார். நல்ல மனுஷி. ஆனால் ஒரு எச்சரிக்கைக் காகிதமும் கொடுத்துவிட்டார்.

உங்கள் மாப்பிள்ளை


பிப்ரவரி 22

மாப்பிள்ளைக்கு,

கடிதம் வந்தது. 'அன்புள்ள' சேர்க்கிற அளவுக்கு என் பேனாவில் இன்னும் மை ஊறவில்லை.

இடுப்பில் இருந்த ஓப்பனர் என்று எழுதியிருக்கிறீர்களே, அது யாருடைய ஓப்பனர்? என் கைக்குப் பழகின பித்தளை ஓப்பனர் அது. கடையைத் தலைகீழாகக் கவிழ்த்துத் தேடினேன். பழைய பாட்டில் எடுக்க வருகிறவர் மேல் சந்தேகப்பட்டு அவரோடு முகம் கொடுத்துப் பேசாமல் இருக்கிறேன். அந்த நல்ல மனுஷன் ஒன்றும் புரியாமல் விழிக்கிறார். கோபித்துக்கொண்டு போகிறவர்கள் கோபத்தை மட்டும் எடுத்துக்கொண்டு போக வேண்டும்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். கண்ணாடிக் கதவு வைத்த ஃபிரிட்ஜ் வாங்கிப் போடலாம், வருகிறவர்கள் தாங்களே எடுத்துக்கொள்ளட்டும் என்றது நீங்கள். பஸ்ஸுக்கு ஓடுகிறவன் கையில் நாமே திறந்து கொடுப்பதுதான் மரியாதை என்றது நான். பஸ் ஸ்டாண்டுக் கூட்டம் மொத்தமும் பார்க்க, "கடையைக் கட்டிக்கிட்டு அழுங்க" என்று சொல்லிவிட்டு இறங்கிப் போனீர்கள். இப்போது தாங்களே திறந்துகொள்கிற ஊரில் போய், ஆளைக் கேட்காமல் திறந்து கொடுத்து மாட்டிக்கொண்டிருக்கிறீர்கள். படிக்கப் படிக்க எனக்கு வயிற்றில் ஐஸ் வைத்தது போல இருக்கிறது.

வாண்டு இந்தக் கடிதத்தை என் தோளுக்கு மேலே எட்டிப் படித்தாள். "அப்பா ஊர்ல கலருக்குக் கலர்னு பேர் இல்லையா மாமா?" என்றாள். இல்லை என்றேன். "உலகத்துல வேற எங்கயும் இல்லையா?" என்றாள். எனக்கு என்ன தெரியும்? பஸ் ஸ்டாண்டைத் தாண்டினால் எனக்குத் திசை தெரியாது. விவரமாக எழுதவும். எனக்காக இல்லை, குழந்தைக்காக.

மச்சான்


மார்ச் 11

மச்சானுக்கு,

குழந்தைக்காக எழுதுகிறேன். பெரியவர்கள் யாராவது எட்டிப் பார்த்தால் எனக்கு ஆட்சேபம் இல்லை.

இந்த ஆஸ்பத்திரியில் வேலை செய்கிறவர்களில் பாதிப் பேர் என்னைப் போல வேறு நாட்டிலிருந்து வந்தவர்கள். லிஃப்ட் பக்கத்தில் நிற்கும் காவலர் 'பாப்' என்று கேட்கிறார். மூடி திறக்கிற சத்தத்தையே பேராக வைத்துவிட்டார்களாம். எக்ஸ்ரே எடுக்கும் பெண்ணின் நாட்டில் 'மினரல்'. துப்புரவு வேலை பார்க்கும் பெரியவருக்கு எல்லாக் கலரும் 'ஜூஸ்', அது பழத்தைக் கண்ணால்கூடப் பார்த்திருக்காது என்றாலும். அவர் நாட்டிலேயே ஒரு பட்டணத்தில் எல்லாவற்றையும் 'இஞ்சி' என்பார்களாம். ஆரஞ்சும் இஞ்சி, திராட்சையும் இஞ்சி. ஒரு டாக்டர், தன் ஊர்ப் பக்கத்துப் பழைய ஆட்கள் 'டானிக்' என்று கேட்பார்கள் என்றார். எனக்கு இருமல் மருந்துதான் ஞாபகம் வந்தது. அவரே இன்னொரு நாள் வந்து 'சோடா' என்றார். நான் வெறும் சோடாவைத் திறந்து கையில் திணித்துவிட்டேன். பாவம், அவர் ஊரில் சோடா என்றால் இனிப்புக் கலராம்.

மேலாளர் அம்மாவின் பாஷையில் உள்ள பேருக்கு 'குளிர வைப்பது' என்று அர்த்தமாம். மச்சான், அந்த அம்மாவை நீங்கள் பார்க்க வேண்டும். யாரையும் விரட்ட மாட்டார், யாருக்கும் சலுகையும் கிடையாது. ஐஸ் மெஷின் அடைத்துக்கொண்டால் ஆளைக் கூப்பிடாமல் தானே கையை விட்டுச் சுத்தம் செய்வார். அவரிடம் நல்ல பேர் வாங்க வேண்டும் என்று எனக்கு ஆசையாக இருக்கிறது.

ஆனால் நேற்று இரண்டாவது எச்சரிக்கை வந்துவிட்டது. காகிதத்தை நீட்டும்போது என்னைவிட அவர் முகம்தான் வாடியிருந்தது. "இன்னொரு தடவை இப்படி நடந்தா நிரந்தரத்துக்கு நான் கையெழுத்துப் போட முடியாது" என்றார். நான் என்ன செய்வேன்? பேர் காதில் விழுந்ததும் கை தானாக இடுப்புக்குப் போகிறது, ஓப்பனர் வருகிறது, மூடி பறக்கிறது. அப்புறம்தான் எனக்கே சுரணை வருகிறது. அவசரம் அவசரம் என்று உங்கள் கடையில் பழகின கை, சொன்ன பேச்சைக் கேட்க மாட்டேன் என்கிறது.

உங்கள் தங்கச்சியிடம் இதைச் சொல்லவில்லை, நீங்களும் சொல்லாதீர்கள். இப்படியே போனால் மழைக்காலத்துக்கு முன்னால் பெட்டியைத் தூக்கிக்கொண்டு உங்கள் கடை வாசலில் வந்து நிற்பேன் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் மாப்பிள்ளை


ஏப்ரல் 6

மாப்பிள்ளைக்கு,

பதில் எழுதத் தாமதமாகிவிட்டது. இரண்டு தடவை எழுதிக் கிழித்தேன். ஏன் என்று கேட்காதீர்கள்.

பெட்டியோடு வந்தால் வாருங்கள். யார் வேண்டாம் என்றது? உங்கள் ஸ்டூல் அப்படியே கிடக்கிறது. அதன் மேல் மூட்டை வைத்திருக்கிறேன், எடுத்துவிடலாம். வாண்டு பள்ளிக்கூடம் விட்டதும் நேராகக் கடைக்குத்தான் வருகிறாள். பச்சைக் கலர் மூடியெல்லாம் அவளுக்கு, சிவப்பு எனக்கு என்று பங்கு பிரித்து ஏதோ விளையாட்டு வைத்திருக்கிறாள். தினம் நான்தான் தோற்கிறேன். கல்யாணம் கட்டாத கட்டைக்கு இப்படி ஒரு தொந்தரவு. தங்கச்சி மாடியிலிருந்து சாப்பிடக் கூப்பிட்டால் இரண்டு பேரும் காது கேட்காதது போல உட்கார்ந்திருப்போம். அப்புறம் சேர்ந்து திட்டு வாங்குவோம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். என் ஓப்பனரை உடனே பார்சலில் அனுப்புங்கள். சாக்குப்போக்கு வேண்டாம். அங்கே வேறொன்று வாங்கி இடுப்பில் கட்டிக்கொள்ளவும் கூடாது. ஆள் வந்து நின்றதும் இரண்டு கையையும் முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொள்ளுங்கள். உங்கள் ஊரில் இதற்கு என்ன பேர் என்று அவரைக் கேளுங்கள். அவர் சொல்லி முடிப்பதற்குள் உங்கள் கைக்குப் பிடித்த பைத்தியம் தெளிந்துவிடும். உங்களுக்கு வாய் நீளம். இத்தனை நாள் அது எனக்குத் தலைவலியாக இருந்தது. அங்கேயாவது உபயோகப்படட்டும்.

மச்சான்


மே 2

மச்சானுக்கு,

ஓப்பனரை அனுப்பிவிட்டேன். இந்நேரம் கைக்கு வந்திருக்கும். பழைய பாட்டில்காரரிடம் என் சார்பில் மன்னிப்புக் கேட்டுவிடுங்கள்.

அது இல்லாமல் கவுண்டரில் நின்ற முதல் நாள், சட்டை போடாமல் வந்துவிட்டது போலக் கூச்சமாக இருந்தது. ஆள் வந்து பேரைச் சொன்னதும் கை இடுப்புக்குப் போய், வெறும் பெல்ட்டைத் தடவிவிட்டுத் திரும்பியது. நீங்கள் சொன்னபடி பின்னால் கட்டிக்கொண்டேன். நான் ஏதோ பிரார்த்தனையில் இருக்கிறேன் என்று நினைத்து அவரும் மரியாதையாக நின்றார். "உங்க ஊர்ல இதுக்கு என்ன பேர்?" என்று கேட்டேன். மனுஷன் முகம் அப்படி மலர்ந்தது! ஆஸ்பத்திரிக்குள் வந்ததிலிருந்து வயசு என்ன, எங்கே வலி, காகிதம் எங்கே என்றுதான் எல்லோரும் அவரைக் கேட்டிருப்பார்கள். சொந்த ஊரைப் பற்றி யார் கேட்டார்கள்?

இப்போது நான் கேட்காமலே வந்து சொல்கிறார்கள். ஒரு நாட்டில் 'லெமனேட்' என்றால் எலுமிச்சம்பழம் பிழிந்தது. இன்னொரு நாட்டில் அதே பேருக்குப் பொங்குகிற கலரைக் கொடுப்பார்கள். ஒரு நர்ஸ் தங்கள் ஊரில் சுற்றி வளைக்காமல் 'வாயு பானம்' என்பார்கள் என்றாள். நம் பாஷையில் சொல்லிப் பார்த்தேன், குடிப்பதற்கு முன்பே ஏப்பம் வந்துவிட்டது. போன வாரம் ஒரு அம்மா வந்து "கூல்டிரிங்க்" என்றார். நம் வார்த்தை, மச்சான்! நம்மைக் கண்ணால் பார்த்திராத ஒரு நாட்டில், நாம் சொல்வது போலவே சொல்கிறார்கள். கட்டிப் பிடித்துக்கொள்ளாத குறைதான்.

என்னையும் திருப்பிக் கேட்கிறார்கள். கலர் என்கிறேன். "கலர்னா நிறமா? நிறத்தையா குடிப்பீங்க?" என்றாள் எக்ஸ்ரே பெண். ஆமாம், ஒருவர் சிவப்பைக் குடிப்பார், ஒருவர் பச்சையைக் குடிப்பார், குழந்தைகள் நாக்கை நீட்டி எது என்று காட்டும் என்றேன். "எங்க பேரைவிட உங்க பேர் அழகா இருக்கு" என்றாள். பிறந்ததிலிருந்து சொல்லிக்கொண்டிருக்கிற வார்த்தை, அன்றைக்குத்தான் அதன் மேல் எனக்குப் பெருமை வந்தது.

உங்கள் யோசனை பலித்துவிட்டது. மூன்றாவது எச்சரிக்கை வரவில்லை.

உங்கள் மாப்பிள்ளை


மே 24

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

மேலே உள்ள வார்த்தை, தங்கச்சி பக்கத்தில் நிற்பதால் போட்டது.

ஓப்பனர் பத்திரமாக வந்தது. உங்கள் கடிதத்தைக் கடையில் சத்தமாகப் படித்தேன். இப்போது லாரி டிரைவர்கள் எல்லாம் வந்து, "அண்ணே, ஒரு வாயு பானம் குடுங்க", "எனக்கு இஞ்சி, திராட்சை நிறத்துல" என்று என் உயிரை எடுக்கிறார்கள். நம் ஊர் ஆள் அந்த ஊரில் எல்லோரையும் பேச வைத்துவிட்டார் என்று அவர்களுக்கு ஒரே பெருமை. எனக்கு இல்லை என்று சொல்ல மாட்டேன். ஊர் ஊராகப் போய்க் கேட்டாலும் கிடைக்காத விஷயத்தை நின்ற இடத்தில் வாங்கிவிட்டீர்கள். அதற்குத் தனி சாமர்த்தியம் வேண்டும்.

தங்கச்சி மாடியில் அந்த ஊர் பாஷையை மொபைலில் போட்டுப் படிக்கிறாள். "தபால் நிலையத்துக்கு எப்படிப் போக வேண்டும்?" என்பதையே திரும்பத் திரும்பச் சொல்கிறது அந்தக் குரல். வாண்டு அம்மாவைவிட வேகம், ராகம் போட்டுச் சொல்கிறாள். நான் கீழே பாட்டில் கழுவிக்கொண்டே கேட்கிறேன். எனக்கும் அது மனப்பாடமாகிவிட்டது. எனக்கு எதற்கு அது?

உடம்பைப் பார்த்துக்கொள்ளுங்கள். ஜாக்கிரதையாக நின்று கையெழுத்தை வாங்குங்கள்.

மச்சான்


ஆகஸ்ட் 7

அன்புள்ள மச்சானுக்கு,

வேலை நிரந்தரமாகிவிட்டது. உங்களைத் தவிக்க விடாமல் முதல் வரியிலேயே சொல்லிவிட்டேன்.

கையெழுத்துப் போடுவதற்கு முன்னால் மேலாளர் ஒரு நாள் முழுக்கப் பக்கத்தில் உட்கார்ந்து வேலையைப் பார்க்க வேண்டும் என்பது இங்கே விதி. அன்றைக்கென்று ஒரு வயதானவர் வந்தார். மனைவிக்கு மாடியில் ஆபரேஷன் நடக்கிறது. அவருக்கு இந்த ஊர் பாஷை ஒரு வார்த்தை தெரியாது. விரல்களைக் கீழிருந்து மேலே துள்ளவிட்டுக் காட்டினார். குமிழி என்று எனக்குப் புரிந்தது. அதற்கு மேல் ஒன்றும் புரியவில்லை. பின்னால் வரிசை நீண்டது, எனக்கு வியர்த்தது. கையைக் கட்டிக்கொண்டு எனக்குத் தெரிந்த பேரையெல்லாம் ஒவ்வொன்றாகச் சொன்னேன். பாப்? மினரல்? ஜூஸ்? அவர் தலையை ஆட்டி இல்லை இல்லை என்றார். வரிசையில் நின்றவர்கள் சும்மா இருப்பார்களா? ஆளுக்கொரு பேரைக் கூவ ஆரம்பித்துவிட்டார்கள். கேன்டீன் ஏலக்கடை மாதிரி ஆகிவிட்டது.

அப்போது என் பின்னாலிருந்து மேலாளர் அம்மா தன் ஊர்ப் பேரைச் சொன்னார். பெரியவர் சட்டென்று நிமிர்ந்தார். அதே வார்த்தை இல்லை, ஆனால் பக்கத்து நாட்டு வார்த்தை. இருவரும் தத்தம் பேரை மாற்றி மாற்றிச் சொல்லிச் சிரித்துக்கொண்டார்கள். அவருக்கு ஆரஞ்சு வேண்டுமாம். கொடுத்தேன். வாங்கியவர் நகரவில்லை. மூடியை விரலால் திருகிப் பார்த்தார். திறந்து தர முடியுமா என்று அம்மா மூலமாகக் கேட்டார். நான் அம்மாவைப் பார்த்தேன். "கேட்டா திறந்து கொடுக்கலாம்" என்றார். வாசல் வரை அவரோடு நடந்து போய், சுவர் ஓப்பனரில் திறந்து, இரண்டு கையாலும் கொடுத்தேன். நீங்கள் கொடுப்பீர்களே, அந்த மாதிரி. அவர் மனைவி பிழைத்துக்கொண்டார் என்று மறுநாள் வந்து அம்மாவிடம் சொல்லிவிட்டுப் போனார்.

வேலையைப் பார்க்க உட்கார்ந்த அன்று மாலையே அம்மா கையெழுத்துப் போட்டார். "உங்க வரிசையில நிக்கிறவங்க யாரும் கோபமா நிக்கிறதில்ல" என்றார். அவர் வாயிலிருந்து அதைக் கேட்டதில் எனக்கு ஒரு அடி உயரம் கூடிவிட்டது.

மச்சான், அன்று அறைக்கு வந்து உங்கள் பழைய கடிதங்களை எடுத்துப் படித்தேன். ஏப்ரல் கடிதத்தில் இத்தனை நாள் என் கண்ணுக்குத் தெரியாதது தெரிந்தது. நீங்கள் அந்த யோசனையை எழுதாமல் விட்டிருந்தால் போதும். நான் அந்த மாதமே இன்னொரு பாட்டிலைத் திறந்திருப்பேன், திரும்பி வந்திருப்பேன். உங்கள் தங்கச்சியும் வாண்டும் உங்களோடே இருந்திருப்பார்கள். அது உங்களுக்குத் தெரியும். தெரிந்துதான் எழுதினீர்கள். உங்களிடம் கோபித்துக்கொண்டு வந்தவனுக்கு எழுதினீர்கள். உங்களைப் போல ஒரு மனுஷனை நான் வேறெங்கும் பார்க்கவில்லை. இதை நேரில் சொல்ல எனக்கு வாய் வராது, அதனால் எழுதிவிட்டேன்.

உங்கள் மாப்பிள்ளை


நவம்பர் 19

அன்புள்ள மாப்பிள்ளைக்கு,

இன்று பக்கத்தில் யாரும் இல்லை, நானாகத்தான் போட்டேன்.

ஆகஸ்ட் கடிதத்துக்கு இப்போதுதான் பதில் எழுதுகிறேன். என் சாமானைத் திருப்பிக் கேட்டேன், அவ்வளவுதான். அதைப் போய்ப் பெரிதாக எழுதி, படித்த அன்று ஆரஞ்சு கேட்டவருக்கெல்லாம் திராட்சையைக் கொடுக்க வைத்துவிட்டீர்கள். கிழித்துப் போட்ட இரண்டு கடிதத்திலும் என்ன இருந்தது என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். வந்துவிடுங்கள் என்றுதான் இருந்தது. மூன்றாவது எழுத உட்கார்ந்தபோது வாண்டு வந்து, "அப்பாவை அங்க நல்லா வச்சிருக்காங்களா மாமா?" என்று கேட்டாள். அப்புறம் வேறு எப்படி எழுத முடியும்?

தங்கச்சியையும் வாண்டையும் விமானம் ஏற்றிவிட்டு இப்போதுதான் வந்தேன். இந்தக் கடிதம் உங்கள் கைக்கு வருவதற்குள் அவர்கள் வந்து சேர்ந்து, உங்கள் வீட்டை இரண்டாக்கியிருப்பார்கள். வாண்டு கண்ணாடிக்கு அந்தப் பக்கம் போன பிறகும் திரும்பித் திரும்பிக் கையை ஆட்டினாள். தங்கச்சி திரும்பவே இல்லை. திரும்பியிருந்தால் அவள் போயிருக்க மாட்டாள், எனக்கு அவளைத் தெரியும்.

நீங்கள் கெட்டிக்காரர் என்று உங்கள் காதில் விழாமல் பஸ் ஸ்டாண்டு முழுக்கச் சொல்லி வைத்திருக்கிறேன். இப்போது எழுத்திலும் கொடுத்துவிட்டேன், பத்திரமாக வைத்துக்கொள்ளுங்கள். வாண்டுக்குக் குளிர் ஒத்துக்கொள்ளாது, காதை மூடிவிடுங்கள். தங்கச்சி முதல் சில நாள் எதற்கெடுத்தாலும் எரிந்து விழுவாள், அது கோபம் இல்லை, புது இடத்துப் பயம்.

ஒரு விஷயம். இத்தனை நாள் நீங்கள் போன் அடித்தால் எடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் தங்கச்சி கையில் கொடுத்துவிடுவேன். இனி கொடுப்பதற்கு இங்கே யாரும் இல்லை. ஞாயிற்றுக்கிழமை அடியுங்கள், நானே பேசுகிறேன்.

உங்கள் மச்சான்